ஒலிநூல்: எந்த வாயால்?

தொழிற்சாலையில் கைகள் எட்டு மணிநேரம் பெட்டி மடிக்கின்றன. காது சும்மாதான் கிடக்கிறது. அப்படித்தான் பம்பாய் கண்ணன் பல குரல்களைக் கொண்டு தயாரித்த ‘பொன்னியின் செல்வ’னைப் பல வாரங்களாகக் கேட்டு முடித்தேன். குறை சொல்ல மனம் வரவில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை அது. கதைசொல்லி வாசகரை நேரே விளித்துப் பேசுபவர். கல்கியின் வசனம் உரக்க வாசிப்பதற்கு இடம்கொடுக்கும் வசனம்.

ஆனால் இதைக் காட்டி, எந்த நாவலையும் இவ்வாறு ஒலியாக்கலாம் என்று நண்பர்கள் வாதிடும்போது எனக்கு உடன்பாடில்லை. 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை எடுத்துக்கொள்வோம். சென்னையில் பயின்ற குரல் ஒன்று அதை வாசித்தால் என்னவாகும்? எமது ‘உவன்’ அங்கே பேச்சில் இல்லாத சொல். ‘நேற்று’, ‘காற்று’ என்பவற்றில் வரும் இரட்டை றகரத்தை நாம் ஒலிப்பது வேறு விதம். நாம் ‘ரெலிபோன்’ என்று எழுதினால் அவர் ரகரமாகவே வாசித்துவைப்பார். (அவரைக் குறைசொல்ல முடியாது, எழுத்து அப்படித்தான் இருக்கிறது.) அச்சில் உள்ளவரை ஒவ்வொருவரும் தத்தம் வாயில் வாசித்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவோ ஒரு வாயைத் தெரிவுசெய்துவிடுகிறது.

ஜொய்சின் நூற்றாண்டான 1982இல் அயர்லாந்து வானொலி ‘யுலிசிஸ்’ முழுவதையும் தன் நாட்டு நடிகர்களின் உச்சரிப்பிலேயே ஏறத்தாழ முப்பது மணிநேரம் ஒலிபரப்பியது. நாமும் அப்படிச் செய்தால் போதும் என்பார்கள். போதாது. எந்த யாழ்ப்பாணம் என்ற கேள்வி உடனே எழும். ‘நயினார்’ என்று ஒருவர் விளிக்கும்போது அதில் இருப்பது பணிவா, அச்சமா, அடக்கிய கோபமா என்பதை அச்சு வாசகரிடம் விட்டுவிடுகிறது. வாசிப்பவர் தீர்மானித்தே ஆகவேண்டும். நான் கேட்டு வளர்ந்த வானொலி நாடகங்களில் இத்தகைய பேச்சு பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே பயன்பட்டது. அந்தப் பழக்கத்தில் ஊறிய ஒரு ‘நல்ல குரல்’, சாதிக்கு எதிராக எழுதப்பட்ட நாவலைத் தன்னையறியாமலே நையாண்டியாக்கிவிடும்.

ஒலியாக்கவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கண் மங்கியவர்களுக்கும், என்னைப்போல வேலைத்தலத்தில் நாளைக் கழிப்பவர்களுக்கும் அது தேவை. டானியல் எழுதிய மனிதர்களின் பிள்ளைகள் இன்று புலம்பெயர் நகரங்களிலும் வாழ்கிறார்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் வாசித்து முடித்தபின், உச்சரிப்பைத் ‘திருத்தும்’ அதிகாரம் யாருக்கு என்பதைப் பதிவு தொடங்குமுன்பே பேசித் தீர்க்கவேண்டும்.