காலறிந்த ஷூ

ஓடுவதற்கு ஷூ வாங்கப் போகிறவர்கள் சாயங்காலம் போவது நல்லது. நாளெல்லாம் நின்று நடந்த கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு இரண்டு காலிலும் மாட்டி, எழுந்து நின்று பார்க்க வேண்டும். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்குத்தான் அளவு. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் ஓடும்போது நகம் இடித்துக் கறுத்துவிடும். குதிகாலோ நழுவவே கூடாது.

எனக்குப் பிடித்தது, கணுக்காலை ஒட்டிச் சற்றுப் பின்தள்ளி இருக்கும், லேஸ் கோக்கும் கடைசித் துளை. பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் விட்டுச் சின்ன வளையமாக நிறுத்தி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் கோத்து இழுத்தால் குதிகால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். முன்பாதத்தை இறுக்க வேண்டியதே இல்லை. என்ன அழகான யோசனை!

1960 ரோம் ஒலிம்பிக்கில், கிடைத்த ஷூ காலுக்குச் சேராததால் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் வென்றார். ஆக, ஷூ முதலில் காலுக்குச் சேர வேண்டும்; விலை, நிறமெல்லாம் அப்புறம். கடைக்குள்ளேயே நாலு அடி ஓடிப் பார்த்து, உறுத்தாததை வாங்குங்கள். ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று கடைக்காரர் சொன்னால், கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.