கண்ணாடியில் புடைத்த ஊர்ப்பெயர்கள்

கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். உடலை உள்ளங்கையில் ஏந்தி, சன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பீர் ஆலைக்காக ஊதிய புட்டி இது. தாளில் அச்சிட்டு ஒட்டிய பெயர் இதில் இல்லை. கண்ணாடியே புடைத்தெழுந்து எழுத்தாகியிருக்கிறது. ஆலைக்காரரின் பெயர் மேலே வில்லாய் வளைய, ஊரின் பெயர் கீழே எதிர்வில்லாய்த் தாங்குகிறது. விரல் நுனியால் வருடுங்கள். ஓரங்களில் கூர்மை இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தோள் உருண்டு, குழைந்து நிற்கிறது. அந்தக் குழைவில்தான் நான் மயங்கினேன்.

இத்தனை சிறிய ஊருக்கும் தன் பெயர் தாங்கிய புட்டி வாய்த்தது ஓர் அழகிய உபாயத்தால். ஆலைக்கொரு முழு அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. ஆகவே கண்ணாடித் தொழிற்சாலையில் ஒரே அச்சில் இடம் விட்டு, பெயர் வெட்டிய உலோகத் தகட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். எழுத்துகளைச் சூழ்ந்து மெல்லிய வளையம் தெரிகிறதே, அது அந்தத் தகட்டின் விளிம்பு. 1873இல் அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் நடத்தியவை அவற்றில் ஏராளம். 1890 வரை ஆலைக்குள்ளேயே புட்டியில் அடைக்க வரிச் சட்டம் இடம் தரவில்லை. பீப்பாயில் ஏறி வெளியே போன பிறகே பீர் புட்டிக்குள் இறங்கும். காய்ச்சியவரை விட்டு, அடைத்தவரின் பெயர் சில புட்டிகளில் மின்னுவது அதனால்தான்.

இனி வாய்க்கு வருவோம்; அவசரம் வேண்டாம். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு பக்கவாட்டில் மெலிதாக ஏறுகிறது, தோளைக் கடக்கிறது, விளிம்புக்குச் சற்றுக் கீழே மறைகிறது. ஊதுகுழலிலிருந்து பிரித்த புட்டியின் வாயை மறுபடி பழுக்கக் காய்ச்சி, ஒரு தொழிலாளி இடுக்கி போன்ற கருவியை வைத்துச் சுழற்றியபோது அழிந்த கோடு அது. குயவர் கையில் பானையின் வாய் மலர்வதுபோல் மலர்ந்த விளிம்பு! சுழன்ற தடம் நுண்வட்டங்களாக இன்னும் படிந்திருக்கிறது. 1875இல் சார்ல்ஸ் டி குவில்ஃபெல்ட் காப்புரிமை பெற்ற கம்பி மூடி சிதையாமல் இருந்துவிட்டால் பாக்கியம்தான்: கட்டைவிரலின் ஓர் அழுத்தத்தில் திறந்து, இன்னோர் அழுத்தத்தில் இறுகும் அந்த நளினத்தைப் பார்த்துத் தீராது.

நிறத்தைச் சொல்லாமல் நகர முடியுமா? வெயில் பட்டால், பீரில் சேரும் ஹாப்ஸ் பூவின் கசப்புச் சத்து சிதைந்து பீர் நாறும். அதைத் தடுப்பது இந்தத் தேன் நிறம். அடிப்பகுதியில் அடர்ந்து, தோளில் இளகி, கழுத்தில் பொன்னாகிறது. கடல்நீலம் பூத்த புட்டிகளுக்கு யாரும் சாயம் சேர்க்கவில்லை. மணலில் கிடந்த இரும்பு தந்த வரம் அது. உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகள், கண்ணாடி இழுபட்ட கழுத்தில் நீண்டு மெலிகின்றன. நெடுங்காலம் மண்ணில் புதைந்தவற்றின் மேல் மயில்கழுத்து நிறங்கள் படரும். உருளையில் இட்டுச் சுழற்றி அதைத் தேய்த்தெடுத்துப் பளபளப்பாக்குவோர் உண்டு. எனக்கு மனம் ஒப்புவதில்லை.

1903இல் மைக்கேல் ஓவன்ஸ் புட்டி செய்யும் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கினார். அதில் பிறந்த புட்டிகளில் கோடு விளிம்பு வரை ஏறிவிடும். 1920இல் மதுவிலக்கு வந்து சிற்றூர் ஆலைகள் பலவற்றை மூடியது.

கடைசியாக இந்த எழுத்தைப் பாருங்கள். தகட்டில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டினால்தான் கண்ணாடியில் நேராக விழும். வெட்டியவர் ஓர் 'எஸ்'ஸை மட்டும் மாற்ற மறந்திருக்கிறார். அது ஊர்ப்பெயரின் நடுவே திரும்பி நிற்கிறது. இப்படிப்பட்ட புட்டிகளைச் சேகரிப்போர் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். என் அலமாரியிலும் முதல் வரிசை இவற்றுக்குத்தான்.