அணைந்த தீ எத்திசை போனது? கே. என். ஜயதிலக்கவும் பேராதனை மெய்யியலும்

  இலங்கையின் மாத்தளை நகரைக் கடந்ததும் தம்புள்ளை வீதியோரம் அலுவிகாரை வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் ஆட்சியில் நாட்டைப் பஞ்சமும் போரும் வாட்டின. ஓதி மனத்தில் வைத்திருந்த பிக்குகள் மாண்டால் நூலும் மாண்டுவிடும் என்ற அச்சத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த பாளித் திரிபிடகத்தை இங்கேதான் ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு.

அந்த ஏடுகளில் உள்ள உரையாடல்களை இருபதாம் நூற்றாண்டு மெய்யியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் குலதிஸ்ஸ நந்த ஜயதிலக்க. 1920 நவம்பரில் பிறந்து, 1970 ஜூலையில், ஐம்பது வயது நிறையும் முன்பே மறைந்தார். கொழும்பு, கேம்பிரிட்ஜ், லண்டன், பேராதனை, ஹேக் என்று நீண்ட அவருடைய பாதையை மாணவர்கள் ஹவாய், சிங்கப்பூர், மெல்பேர்ண் வரை கொண்டுசென்றார்கள். தமிழில் அவரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஆனால் அவரோடு வாதாடுவதற்கு வேண்டிய கைம்முதல் வேறு யாரையும்விடத் தமிழரிடம் அதிகம் உண்டு.

கொழும்பு றோயல் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பாளியும் சமஸ்கிருதமும் கற்று, போர் முடிந்த கையோடு கேம்பிரிட்ஜ் போனார் ஜயதிலக்க. அங்கே 1945 முதல் 1947 வரை மெய்யியலாளர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் வகுப்புகளில் உட்கார்ந்தார். அவை வழக்கமான விரிவுரைகள் அல்ல. டிரினிட்டி கல்லூரியில் விட்கென்ஸ்டைனின் சொந்த அறைதான் வகுப்பறை. அலங்காரம் எதுவும் இல்லாத அந்த அறையில் மடக்கு நாற்காலிகளில் சிலர் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளாமல், பேசிப் பேசி யோசிப்பார். நடுவில் நெடுநேரம் மௌனமாகிவிடுவார். அவருடைய கடைசி ஆண்டு வகுப்புகளைக் குறிப்பெடுத்த மூவரில் ஒருவர் இந்தியரான கே. ஜே. ஷா. பின்னாளில் தார்வாடில் மெய்யியல் கற்பித்தவர் அவர். மூவரின் குறிப்புகளும் 1988இல் நூலாக வந்தன. காந்தியைப் படித்த ஒருவரும் புத்தரின் உரைத் தொகுதிகளான நிகாயங்களைப் படித்த ஒருவரும் விட்கென்ஸ்டைனிடம் பாடம் கேட்ட காலம் அது.

அந்த வகுப்பு ஜயதிலக்கவுக்கு என்ன கொடுத்தது என்பதை மஜ்ஜிம நிகாயத்தின் ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். வச்சகோத்தன் என்ற துறவி புத்தரிடம் வருகிறான். உலகம் என்றும் உள்ளதா, இல்லையா? உயிரும் உடலும் ஒன்றா, வேறா? விடுதலை அடைந்தவர் இறந்தபின் இருப்பாரா, இருக்கமாட்டாரா? எதற்கும் புத்தர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. வச்சகோத்தன் குழம்புகிறான். புத்தர் திருப்பிக் கேட்கிறார்: உன் முன்னால் எரிந்த தீ அணைந்துவிட்டது; அது கிழக்கே போனதா, மேற்கே போனதா, வடக்கா, தெற்கா? அப்படிக் கேட்பதே பொருந்தாது என்கிறான் அவன். விறகு இருந்தவரை எரிந்தது, தீர்ந்ததும் அணைந்தது. அவன் கேட்ட கேள்வியும் அத்தகையதுதான்.

பழைய உரைகாரர்கள் இதைச் சமயப் பொருளாகவே படித்தார்கள். புத்தருக்கு விடை தெரியவில்லை, அதனால் ஒதுங்கினார் என்று கருதிய ஐரோப்பிய அறிஞர்களும் உண்டு. சில கேள்விகள் இலக்கண அமைப்பில் கேள்வி போலத் தோன்றினாலும் பொருள் அற்றவை என்ற விட்கென்ஸ்டைன் காலத்துப் பார்வையை வைத்து ஜயதிலக்க இதைப் படித்தார். ஆனால் புலனால் சோதிக்க முடியாத கூற்றுக்குப் பொருளே இல்லை என்ற மேற்கத்தியத் தருக்கப் புலனறிவாதிகளோடு அவர் முழுதாகச் சேர்ந்துவிடவில்லை. மொழிக்கும் புலனறிவுக்கும் எட்டாத ஒன்றைப் புத்தர் அறிந்திருந்தார், அதைச் சொல்ல வழியில்லை என்பதே அவர் முடிவு.

இந்த வாசிப்பு விரிந்து 1963இல் லண்டனில் நூலாக வந்தது: 'ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை'. லண்டன் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது அது. புத்தருக்கு வருமுன் வேத மரபு, உலோகாயதர், ஐயவாதிகள், ஆசீவகர், சமணர் ஆகியோரை வரிசையாக நிறுத்தி, அறிவு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவரும் சொன்னதைப் பிரித்துக் காட்டுகிறது. கேட்டுவந்த மரபை நம்புவோர், தருக்கத்தை நம்புவோர், தாமே கண்டறிவோர் என்று நிகாயத்தில் உள்ள சங்காரவ சுத்தம் என்ற உரை பிரிக்கிறது. புத்தர் தம்மை மூன்றாம் வகையில் சேர்த்துக்கொள்கிறார். இதைக் கொண்டு ஆதி பௌத்தம் ஒருவகை அனுபவவாதம் என்று ஜயதிலக்க வாதிட்டார். அறுபது ஆண்டுகளாக இத்துறையில் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு கூற்றைப் பற்றியதுதான்.

அவர் எழுதிய இன்னொன்று அளவில் சிறியது. இலங்கைத் தமிழர் கட்டாயம் அறிய வேண்டியது அதுதான். பாளி அறிஞர் ஜி. பி. மலலசேகரவோடு சேர்ந்து யுனெஸ்கோவுக்காக எழுதிய 'பௌத்தமும் இனப் பிரச்சினையும்'. வாசெட்ட சுத்தத்தின் வாதத்தை அவர்கள் அதில் முன்வைத்தார்கள். புல், மரம், பூச்சி, பாம்பு, மீன், பறவை என ஒவ்வொன்றிலும் பிறப்பால் வரும் வேறுபட்ட அடையாளங்கள் உண்டு. மனிதரிடம் தலைமுடியிலோ கண்ணிலோ காதிலோ உதட்டிலோ அப்படி ஒன்றும் இல்லை. மாடு மேய்த்துப் பிழைப்பவன் உழவன், களவால் பிழைப்பவன் கள்வன். பெயர் தொழிலால் வருகிறதே தவிரப் பிறப்பால் அல்ல. மனித குலம் ஒன்று என்பதற்கு இவ்வளவு பழைய, இவ்வளவு தெளிவான வாதம் கிடைப்பது அரிது.

அது பாரிஸில் அச்சான ஆண்டு 1958. சிங்களம் மட்டும் சட்டம் வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ஆண்டு மே மாத இறுதியில் பொலன்னறுவையிலும் இங்குராக்கொடையிலும் தொடங்கி நாடெங்கும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். மீண்டும் 1983 ஜூலை இன வன்முறையில் மாத்தளை நகரத் தமிழர் பட்ட பாட்டை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. மனித குலம் ஒன்று என்பது பௌத்த ஏடுகளிலிருந்தே இரண்டு சிங்களப் பேராசிரியர்கள் எடுத்துக் கொடுத்த வாதம். சிங்களத்திலும் தமிழிலும் பள்ளிக்கூடம்தோறும் போயிருக்க வேண்டிய அந்தச் சிறு நூல் அப்படிப் போகவில்லை. இது ஜயதிலக்கவின் குறை அல்ல, நாட்டின் இழப்பு.

1967இல் ஹேக் நகரச் சர்வதேசச் சட்டக் கழகத்தில் பௌத்தக் கோட்பாட்டில் உள்ள சர்வதேசச் சட்ட நெறிகள் பற்றி அவர் உரை நிகழ்த்தினார். வானொலியில் பொதுமக்களுக்காகப் பேசினார்; அந்தப் பேச்சுகளை அவர் மறைவுக்குப் பின் சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் பதிப்பித்தார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த மாணவர்களில் தொலைவுக்குப் போனவர் டேவிட் களுபஹன. லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1972இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் சென்று, அங்கே மெய்யியல் துறைத் தலைவரானார். 1975இல் வந்த அவருடைய நூலின் தலைப்பு 'காரணகாரியம்: பௌத்தத்தின் மையத் தத்துவம்'. இருபது ஆண்டுகளுக்கு முன் பனாரஸிலிருந்து டி. ஆர். வி. மூர்த்தி எழுதிய நூலும் 'பௌத்தத்தின் மையத் தத்துவம்' என்றே பெயர் கொண்டது. மூர்த்திக்கு மையம் மாத்தியமிகத்தின் சூனியம். களுபஹனவுக்குப் பாளி நிகாயங்களின் பிரதீத்திய சமுத்பாதம், அதாவது எல்லாம் காரணங்களைச் சார்ந்தே தோன்றும் என்பது. தலைப்பே பதிலாக அமைந்தது. பத்மசிரி டி சில்வா பௌத்த உளவியலையும் பிராய்டையும் சேர்த்து எழுதினார்; சிங்கப்பூரிலும் மெல்பேர்ணிலும் கற்பித்தார்.

எதிர்ப்பும் சிறிதல்ல. மெய்யியலாளர் பிராங்க் ஹாஃப்மன் 1980களில் கேட்டது நேரான கேள்வி. முற்பிறப்பைத் தியானத்தால் கண்டேன் என்பதை அனுபவச் சான்று என்று ஏற்றால், அதைப் பொய் என்று காட்ட யாருக்காவது வழி உண்டா? வழி இல்லையென்றால் அதை எப்படி அனுபவவாதம் என்பது? பேராதனைக்குள்ளேயே ஏ. டி. பி. களன்சூரிய விட்கென்ஸ்டைனை வேறு விதமாகப் படித்து மாறுபட்டார். ஹாஃப்மனின் அடி பலமானது; ஜயதிலக்கவின் மையக் கூற்று அதிலிருந்து முழுதாக மீளவில்லை. ஆனாலும் நூலின் முதற்பகுதி, புத்தர் காலத்து விவாதக் களத்தை வரைந்த பகுதி, இன்றும் அசையாமல் நிற்கிறது.

அந்தக் களம் தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமானது. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி மாதவன் (ஆண் துறவி) வடிவெடுத்து வஞ்சியில் அளவைவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராகக் கேட்டு, பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் தருக்கம் படிக்கிறாள். அந்தத் தருக்கப் பகுதிக்கும் சமஸ்கிருதத் தருக்க நூலான நியாயப்பிரவேசத்துக்கும் உள்ள நெருக்கம் 1920களிலிருந்தே ஆராயப்பட்டுவருகிறது. இலங்கையில் உயர்தர மாணவர்கள் இன்றும் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்ற பாடத்தைத் தமிழில் படிக்கிறார்கள். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையையும் ஜயதிலக்கவின் முதல் மூன்று இயல்களையும் அவர்கள் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று இன்னொன்றுக்கு உரையாகும்.

ஆய்வாளருக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில், பௌத்தரை நான்கு பிரிவாக மறுக்கிறார்: சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர். பாளி நிகாயங்களைப் பேணிய தேரவாதத்துக்கு அங்கே தனி இடம் இல்லை. ஆனால் அது கடலுக்கு அப்பால் மட்டும் இருந்த சமயம் அல்ல. சோழநாட்டுப் பிக்குகளான காசியப்பரும் புத்தப்பியரும் பாளியில் நூல் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவரை விட்டுவிட்டு வடநாட்டுப் பட்டியலை வைத்துச் சைவம் வாதாடியது ஏன்? ஜயதிலக்க தொகுத்துத் தந்த நிகாய வாதங்களை எதிரில் வைத்துப் பரபக்கத்தின் சௌத்திராந்திகப் பகுதியிலிருந்து தொடங்கலாம்.