28 விநாடி தாமதம்

அவலூர்பேட்டை, செஞ்சி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு முதலில் தெரிந்த குதிரை வீரன் தேசிங்கு ராஜன்தான். யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை டில்லி பாதுஷாவின் முன்னால் அடக்கிக் காட்டியதையும், 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டதையும் கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையில் வீரத்துக்கு ஒரே அளவுகோல்தான்: குதிரை என்ன துள்ளினாலும் விழாமல் இருப்பது. இன்றைய குதிரையேற்றம் அப்படி எண்ணுவதில்லை. எவரும் ஒருநாள் விழுவார் என்று வைத்துக்கொண்டுதான் அதன் விதிகளே எழுதப்படுகின்றன.

டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு வீரர் ஃபவாத் மிர்சாவின் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். குதிரையின் பெயர் செய்ஞர் மெடிகாட். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவருக்கு வெள்ளி வாங்கித் தந்த அதே குதிரை. குதிரையை அசைவு அசைவாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் சுற்றில் 28 தண்டப் புள்ளிகளோடு 9-வது இடம். அடுத்தது, திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி. 7 நிமிடம் 45 விநாடிக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம். 28 விநாடி கூடுதலாக ஆனது. விநாடிக்கு 0.4 வீதம் 11.2 புள்ளி ஏறி, 22-வது இடத்துக்கு இறங்கினார். கடைசியில் 23.

அந்த 28 விநாடியைத் தோல்விக் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம். எதிரே அசையாத மரத்தடைகள். முன்னங்கால் தடையில் சிக்கினால் குதிரை தலைகீழாகப் புரளும். சுமார் 500 கிலோ எடை வீரரின் மேல் வந்து விழும். இந்த விளையாட்டில் உயிர் போனவர்களில் பலர் அப்படித்தான் போனார்கள். தலைக்கவசமோ மார்புக்கவசமோ அந்த எடையைத் தாங்காது. அதனால்தான் அடிபட்டதும் கட்டை கழன்று இறங்கும்படி, பல தடைகளில் உடையும் ஊசிகளைப் பொருத்துகிறார்கள். கிராஸ் கன்ட்ரியில் குதிரை விழுந்தால் போட்டியிலிருந்து நீக்கம். எழுந்து ஓடினாலும் செல்லாது. குறையில்லாமல் வந்து சேர்வதே இங்கே ஆட்டத்தின் பாதி. மிர்சா அத்தனை தடைகளையும், குதிரை ஒருமுறைகூடத் தாண்ட மறுக்காமல், கடந்து வந்தார். அதை நான் திறமை என்றுதான் சொல்வேன்.

தாண்டுதலே இல்லாத டிரெஸ்ஸாஜில் தலைக்கவசம் எதற்கு என்று நெடுங்காலம் கேட்டார்கள். நீள்தொப்பிதான் அங்கே மரியாதை. 2010-ல் அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்ததில் மண்டையோடு உடைந்து கோமாவில் கிடந்தார். அன்று அவர் தலையில் கவசம் இல்லை. 2012 லண்டனில் சார்லட் டுஜார்டின் தலைக்கவசத்தோடே தங்கம் வென்றார். 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் தலைக்கவசம் கட்டாயம். 2023-ல் ஹாங்சோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்த நால்வரும் கவசம் அணிந்தே ஆடினார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மெரினா மணலிலும் குழந்தையைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைக்கிறோம். வெறுந்தலை, காலில் ரப்பர் செருப்பு. குதிக்கால் உயரம் இல்லாத செருப்பு அங்கவடிக்குள் முழுதாக வழுக்கிப் போகும். குதிரை மிரண்டு குழந்தை சாய்ந்தால் பாதம் சிக்கிக்கொள்ளும். விழுந்தபின் இழுபடுவது விழுவதைவிடக் கொடுமை. சேணம் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பி வைத்துக்கொள்வதும் உண்டு. இறுக்கமாகத் தெரிந்த வயிற்றுப்பட்டை, நாலு அடி நடந்ததும் தளர்ந்து சேணம் புரளும். குதிரைக்கு நேர்பின்னால் கண் தெரியாது. அங்கே போய் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. உதை விழுந்தால் குதிரையின் மேல் குற்றமில்லை.

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளையை ஏற்றுவதற்கு முன் நாடாவோடு கூடிய தலைக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏற்றாதீர்கள். குதிக்கால் வைத்த ஷூ போடுங்கள். முன்பாதம் மட்டும் அங்கவடியில் இருக்கட்டும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொல்லி வயிற்றுப்பட்டையை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். குதிரைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.