பொம்மைக்கு அர்த்தம் சொன்ன மகன்

நெட்ஃப்ளிக்ஸில் 2025 மார்ச்சில் வந்த 'அடோலசென்ஸ்' பார்த்தீர்களா? பிரிட்டிஷ் தொடர். நாலே எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். 13 வயது ஜேமி, கூடப் படிக்கும் கேட்டியைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இன்ஸ்டாகிராமில் அவனுக்கு அவள் போட்டிருந்த இமோஜி பொம்மைகளைப் பார்த்து, ரெண்டு பேரும் சிநேகம் போலிருக்கிறது என்று நினைக்கிறார் விசாரிக்கிற போலீஸ் அதிகாரி. 'அது கிண்டல்ப்பா' என்று ஒவ்வொரு பொம்மைக்கும் அர்த்தம் சொல்லித் தருகிறான், அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன். என்னைக் கேட்டால் தொடரின் உச்சம் இதுதான். ஒற்றை ஷாட் சாகசமெல்லாம் அப்புறம்.

ஒரு பெரிய குறை உண்டு. கேட்டியின் அந்தரங்கப் படம் ஒன்றை அதற்கு முன்பே பையன்கள் போனுக்குப் போன் அனுப்பிச் சிரித்திருக்கிறார்கள். அது மூன்றாவது எபிசோடில் ஜேமியின் பேச்சோடு பேச்சாக வந்து போய்விடுகிறது. அவள் பக்கம் ஒரே ஒரு காட்சி வைத்திருக்கக் கூடாதா? எல்லாருக்கும் ஜேமிதான் ஞாபகமிருப்பான், கேட்டியை மறந்துவிடுவார்கள் என்று கதையில் ஒரு பெண் போலீஸே அலுத்துக்கொள்கிறார். சொல்லிவிட்டால் ஆயிற்றா?

பிரிட்டனில் இதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம். ஆனால், பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பொம்மைகள் மனப்பாடமாயிற்றே! முதல் காட்சியை வாத்தியார்களுக்கும் அப்பாக்களுக்கும் போட்டிருக்கலாம்.