பல பெயர்கள், ஒரே வேர்: பார்லோவின் ஒருங்கிணைந்த நெறிமுறை குறித்து

மனநோய் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிச் சிகிச்சை நூல் என்பதே நெடுங்காலம் அறிஞர் கொண்டிருந்த முறை. ஆரன் பெக் முதலியோர் மனச்சோர்வுக்கென எழுதிய நூல் 1979இல் வெளிவந்தது. அச்ச நோய்களுக்கும் தனி நூல்கள் தோன்றின. ஆனால் துன்புறும் மனிதர் ஒரே நோயைச் சுமந்து வருவது அரிது. இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாக, பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் பார்லோவும் உடனாய்வாளரும் 2011இல் வெளியிட்டதே ‘ஒருங்கிணைந்த நெறிமுறை’.

நோய்களின் பெயர் பலவாயினும் வேர் ஒன்றே என்பது ஆசிரியரின் கொள்கை. கடும் உணர்ச்சிகள் அடிக்கடி எழுகின்றன. அவற்றைத் தாங்கவொண்ணாதென எண்ணி மனிதர் விலகி ஓடுகிறார். கூட்டத்திற்கு அஞ்சுபவர் வீட்டிலேயே தங்குகிறார். சோர்வுற்றவர் படுக்கையை விட்டு எழுவதில்லை. அன்றைக்கு ஆறுதல் கிடைக்கிறது. மறுநாள் துன்பம் வலுக்கிறது. ஆகவே உணர்ச்சியைக் கவனித்தல், எண்ணத்தை நெகிழச் செய்தல், உடலின் கலக்கத்தைப் பொறுத்தல், அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்ளல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. உணர்ச்சி பகையன்று, பயனுடையது என்று தொடக்கத்திலேயே விளக்குவது நூலின் சிறப்பு.

223 பேர் பங்குபெற்று 2017இல் வெளியான ஆய்வில், இம்முறை தனிநோய் முறைகளுக்கு ஈடாகப் பயனளித்தது. இடையில் நின்றோரும் குறைவு. எனினும் இங்கு நிதானம் வேண்டும். ஈடானது என்பது மேலானது என்பதன்று. அன்றியும், அவ்வாய்வில் சேர்க்கப்பட்டோரின் முதன்மை நோய் பதற்றத்தைச் சார்ந்ததே. மனச்சோர்வையே முதன்மை நோயாகக் கொண்டோருக்கு அம்முடிவை அப்படியே நீட்டுதல் தகாது.

மற்றொரு குறையும் உண்டு. கடனில் மூழ்கியவரின் கலக்கத்திற்குக் காரணம் அவர் மனம் மட்டுமன்று. அவருடைய எதிர்வினையைத் திருத்தும் நெறிமுறை அவர் சூழலைத் திருத்தாது. ஆற்றுப்படுத்துவோர் இதை மறந்தால், துன்புறுவோர்மீதே பழி சுமத்துவோராவர். மேலும், நாள்தோறும் குறிப்பேடு நிரப்பும் பயிற்சி எழுத்தறிந்தோரையே எதிர்நோக்குகிறது. ஏனையோருக்கு அதை உரையாடலாக மாற்றியமைத்தல் வேண்டும்.

இக்குறைகளால் நூலின் மதிப்புக் கெடவில்லை. பல நூல்களைக் கற்க வாய்ப்பற்ற பணியாளருக்கு ஒரே நெறியில் பயிற்சி பெறுவது பேருதவி. நூலைக் கற்றதனாலேயே ஒருவர் மருத்துவராகிவிடார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பித்தல் கடமை. இவ்வெல்லையை அறிந்து பயில்வோருக்கு இந்நூலைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம்.