ஊமைத்துரைக்கு ஒரு கூத்து

தவில் சட்டென்று நின்றுவிடும். நாகசுரம் மட்டும் ஒற்றைச் சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆடிக்கொண்டிருந்த பெண், தலையிலிருக்கும் கரகம் அலுங்காமல் உடம்பை வளைத்துத் தரையை நோக்கி இறங்குவார். அங்கே ஓர் ஊசி கிடக்கும். கையைக் கொண்டுபோக மாட்டார். கண்ணிமையால் அதைக் கவ்வி எடுத்துக்கொண்டு நிமிர்வார். அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த பந்தல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். தாமிரபரணிக் கரையில் கோயில் கொடை பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த நிமிடம் மறக்காது. எனக்கும் மறக்கவில்லை.

ஊசியை எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. தவில் மறுபடி முழங்கும். யாராவது ஒருவர் எழுந்து வந்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார். அடுத்து ஏணி வரும், அதற்கடுத்து தீப்பந்தம். ஒவ்வொன்றும் உயிரைப் பணயம் வைக்கும் வித்தை. ஆனாலும் ஊசியிலிருந்து ஏணிக்குப் போக ஒரு காரணம் கிடையாது. ஏணியை முதலில் வைத்து ஊசியைக் கடைசியில் வைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. வரிசையை மாற்றினாலும் கெடாத ஒன்றைக் கூத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சொல்வது கரகாட்டத்தைக் குறைத்துப் பேச அல்ல. சர்க்கஸ் கூடாரத்தில் கம்பியில் நடப்பவருக்கு இருக்கும் பயிற்சியும் துணிச்சலும் நம் கரகாட்டக்காரர்களுக்கும் உண்டு. கூடாரத்தில் வலை கட்டியிருப்பார்கள். கொடைப் பந்தலில் மண்தரைதான். அரிசியோ மணலோ போட்டுக் கனமேற்றிய செம்பு, அதன்மேல் பூக்கூம்பு, உச்சியில் சுழலும் கிளி. இத்தனையும் தலையில் நிற்க, கழுத்து அசையாமல் இடுப்பும் காலும் மட்டும் தாளத்துக்குப் போகின்றன. பாரம் ஏற ஏறச் செம்பு தன் இடத்தைவிட்டு எளிதில் நகராது. அதன் அடியில் உடம்பு விலகி விலகித் திரும்புகிறது. கரகத்தை ஆட்டக்காரர் தாங்குகிறார் என்பதைவிட, கரகம் நிற்கும் இடத்துக்கு அவர் ஓயாமல் தன்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதே சரி. பல ஆண்டுப் பழக்கம் இல்லாமல் இது வராது.

இந்தக் கலைக்குக் கதை புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலில் குடக்கூத்தும் ஒன்று. வாணன் சிறைவைத்த அநிருத்தனை மீட்க, மாயோன் வாணனின் நகரத்து வீதியில் குடம் கொண்டு ஆடினான் என்பது அதன் கதை. சிறை மீட்கப் போனவன் ஆடிய ஆட்டம் அது. குடத்துக்கும் சிறைக்கும் இருந்த இந்த உறவு என் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோயிலில் எடுக்கும் சக்திக் கரகத்துக்கும் ஊர் மந்தையில் ஆடும் ஆட்டக் கரகத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சக்திக் கரகம் தவறி விழுந்தால் ஊருக்கே ஆகாது என்று நடுங்குவார்கள். ஆட்டக் கரகம் விழுந்தால் ஆடியவருக்கு மட்டும் அவமானம். ஊர் முழுவதும் சுமந்த அச்சம், ஆட்டக் கரகத்தில் ஒரு தனி மனுஷியின் தலைக்கு இறங்கிவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அதில் பங்கில்லை, வேடிக்கை மட்டுமே மிச்சம். வேடிக்கைக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி பழகிப்போனால் ஏணி, ஏணியும் பழகிப்போனால் இரட்டை அர்த்தப் பேச்சு. கொடைக்கு செட்டு பேசும்போதே ‘எப்படி ஆடுவாக?’ என்று கமிட்டிக்காரர்கள் கேட்பதில் அந்தத் தரங்கெட்ட எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. பிறகு ஆபாசம் என்று புகார் போகும், காவல்துறை அனுமதி மறுக்கும், ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு நடப்பார்கள். ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று 2023இல் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு அரசு தடை போட்டது. அந்தத் தடை நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் கெட்ட பேர் முழுவதும் ஆடிய பெண்ணின் மேல் விழுந்ததும், ஆடச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள் மேல் ஒரு துளிகூடப் படாததும் நியாயமில்லை.

அரசு விழா மேடைகளில் கதை இல்லாத இந்தக் குறை வேறு உருவம் எடுக்கிறது. 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது தென்மாவட்டக் கலைஞர்கள் பலருக்குத் தலைநகரப் பூங்காக்களில் ஆட இடம் கிடைத்தது. அதே ஆண்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் மேடையில் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். விடிய விடிய ஆடும் கலையைப் பத்து நிமிடத்துக்குள் அடக்கச் சொன்னால், கலைஞர் எதை வெட்டுவார்? மெல்ல வளரும் ஆட்டத்தை வெட்டிவிட்டு வித்தையைத்தான் வைத்துக்கொள்வார். ஆபாசம் போய்விட்டது, சரி. கதை வரவில்லையே.

இதே தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் உடம்பும் கதையும் பிரியாமல் இருக்கும் கூத்து ஒன்று உண்டு. சுடலைமாடன், இசக்கி கோயில் கொடைகளில் கணியான்கள் ஆடும் கூத்து. மகுடம் அடிப்பதால் மகுடாட்டம் என்றும் பெயர். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள், கதை பாடும் அண்ணாவி, பெண் வேடமிட்டு ஆடும் இரண்டு ஆண்கள். சாமி பிறந்து வளர்ந்து, பழிவாங்கி, நிலையம் கொண்ட கதையை இரவு முழுவதும் பாடிக்கொண்டு போவார்கள். நடுச்சாமம் கடந்து கைவெட்டு வரும். கணியான் தன் கையைக் கீறி, சாமிக்கு இரத்தம் கொடுப்பார். ஊசி எடுப்பதைவிட இது சிறிய செயல். வித்தை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் கதை அதுவரை ஏறி வந்த ஏற்றம் அந்தக் கீறலில் வந்து முடிகிறது. பந்தலில் எவரும் கைதட்டுவதில்லை. கும்பிடுகிறார்கள். மனித உடம்பைக் கீறித்தான் ஒரு கூத்து நிறைவு பெற வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. கூத்தின் கட்டுமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், உடம்பை எந்த இடத்தில் பேசவிட வேண்டும் என்பது கரகாட்டத்தைவிடக் கணியானுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி வரலாற்று மேடைக்கு வருவோம். நம் வட்டார வரலாறு மேடையேறிய கதை என்றால் வீரபாண்டிய கட்டபொம்மன்தான். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957இல் அரங்கேற்றிய நாடகம் 1959இல் படமானது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட ஆண்டுவிழா முதல் கோயில் திருவிழா வரை தமிழ்நாட்டில் கட்டபொம்மன் என்றால் வசனம் என்று ஆகிவிட்டது. வாள் இடுப்பில் தொங்கும், போர் வாயில் நடக்கும். அந்த வசனத்துக்கு நான் எதிரி அல்லேன். ஒரு தலைமுறைக்குத் தலைநிமிரக் கற்றுக்கொடுத்தது அது. ஆனால் அதன் வெற்றி இன்னொருவனை மேடையை விட்டே தள்ளிவிட்டது. பேச்சே வராதவனை வசன மேடை எங்கே வைக்கும்?

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு, அவன் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று, வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு விருந்தில் கூடியிருந்த வேளையில், சிறை உடைந்தது. விறகுக் கட்டுக்குள் ஆயுதம் வைத்து ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊர் வழக்கு. தப்பியவர்கள் ஏறக்குறைய முப்பது மைல் ஓடிப் பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்தார்கள். துரத்திக்கொண்டு படை போய்ப் பார்த்தபோது, தரைமட்டமாக்கப்பட்டிருந்த கோட்டை மறுபடி எழுந்து நின்றது. ஒரு வாரத்துக்குள் மண் சுமந்து கட்டியிருந்தார்கள். மார்ச் 31 அன்று வந்த தாக்குதலை அந்த மண்சுவர் முறியடித்தது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது.

இந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் இராணுவ நினைவுகளை 1830இல் வெளியிட்டார். கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் அதை எடுத்தாள்கிறார். ஊமைத்துரை தன் ஆட்களுக்கு எப்படி ஆணையிட்டான் என்பதை வெல்ஷ் எழுதியிருக்கிறார். வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வைப்பானாம். அவைதான் கும்பினிப் படை. நேரத்தையும் இடத்தையும் சைகையில் காட்டிவிட்டு, மறு கையால் ஒரே வீச்சில் துரும்புகளைத் துடைத்தெறிவான். வாயிலிருந்து ‘விர்’ரென்று ஓர் ஓசை மட்டும் வரும். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. தாக்கப் போகையில் அவனே முன்னால் நிற்பான்.

எதிரி ஒருவர் எழுதிவைத்த இந்தக் காட்சியைவிடச் சிறந்த கூத்துக் குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. இதற்கு ஒரு வரி வசனம் வேண்டாம். உள்ளங்கையும் துரும்பும் மூச்சும் போதும். கோட்டை விழுந்த பிறகு நடந்ததும் அப்படித்தான். பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிப் போன ஒரு தாய், சாகக் கிடக்கும் மகனைக் கண்டாள். என்னை விட்டுவிடு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்று அவன் சொன்னான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவன்மேல் துணியைப் போர்த்தி, அம்மையில் செத்துப்போனான் என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். இதையும் வெல்ஷ்தான் சொல்கிறார். உயிரோடிருப்பவன் பிணமாகக் கிடக்க வேண்டும், மூச்சு தெரியக்கூடாது. கரகத்தைத் தலையில் வைத்து அசையாமல் நிற்கப் பழகியவருக்கு இது தெரியாதா?

மாயோனின் குடக்கூத்தை முன்பு சொன்னது இதற்காகத்தான். பாளையங்கோட்டைச் சிறைக்குள் விறகு சுமந்து நுழைந்தவர்களைத் தலைச்சுமையோடு ஆடும் கரகாட்டக்காரர்கள் ஆடிக்காட்டட்டும். சுமை விழுந்தால் ஆயுதம் வெளியே தெரிந்துவிடும், உயிர் போய்விடும். அந்த மேடையில் கரகம் அலுங்கினால் பார்ப்பவர் நெஞ்சும் அலுங்கும். ஆட்டக் கரகம் இழந்துபோன ஊர்ப் பொது அச்சம் திரும்பக் கிடைக்கும். ஏணி, கோட்டைச் சுவராகும். இடித்துச் சாய்த்த சுவர் எழுவதைத் தேவராட்டக்காரர்களின் கால்களும் சிலம்பக்காரர்களின் கம்பும் காட்டட்டும். கதையை மகுடத்தோடு அண்ணாவி பாடட்டும். பாட்டுக்கும் பஞ்சமில்லை, நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்துக் கொடுத்திருக்கிறார்.

இப்படி ஒரு சேர்க்கை உலகத்தில் நடக்காததல்ல. ஜப்பானில் கனசாவா என்ற ஊர், பழைய காகா சமஸ்தானத்தின் தலைநகரம். அந்தச் சமஸ்தானத்துப் பிரபுக்களான மாயெதா குடும்பத்தார் எடோ நகரத்து மாளிகையில் தீயணைப்புப் படை வைத்திருந்தார்கள். அந்த வீரர்களின் பேரால் இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் கனசாவாவின் தீயணைப்புத் தொண்டர்கள் ஆறு மீட்டர் உயர மூங்கில் ஏணியில் ஏறித் தலைகீழாக நிற்கிறார்கள். கீழே நிற்பவர்கள் கொக்கிக் கம்புகளால் ஏணியைத் தாங்குகிறார்கள். வெறும் கழைக்கூத்தாகப் பார்த்தால் நம் ஊர் ஏணி வித்தையைவிட அது பெரிதில்லை. ஆனால் அந்த ஏணி எதற்காக அங்கே நிற்கிறது என்பது பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். தீயை மேலிருந்து பார்க்க ஏறிய ஏணி அது. ஊரின் வரலாறும் உடம்பின் வித்தையும் ஒரே மூங்கிலில் நிற்கின்றன.

இதில் ஆபத்துகளும் இருக்கின்றன. முதலாவதும் பெரியதும் சாதி. நம் பக்கத்தில் கட்டபொம்மன், சுந்தரலிங்கம், பூலித்தேவன், ஒண்டிவீரன் என்று ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு சமூகம் தன் தட்டியில் ஏற்றிக்கொண்டுவிட்டது. வரலாற்றுக் கூத்து ஒன்றை மேடையேற்றினால் யார் படம் பெரிதாக இருக்கிறது என்ற சண்டை முதல் நாளே வந்துவிடும். ஆனால் அந்தப் போரில் பேர் தெரியாமல் மண் சுமந்தவர்கள், விறகு சுமந்தவர்கள், பிணக்குவியலில் மகனை விட்டுவந்த தாய் ஆகியோரே கூத்தின் நடுவில் நின்றால், அந்தச் சண்டைக்கு இடம் குறையும். பட்டாக்கத்தியோடு மீசை முறுக்கும் காட்சிகளால் நிரப்பினால் இன்னொரு சாதி ஊர்வலம்தான் மிஞ்சும்.

இரண்டாவது ஆபத்து கலைஞர்களின் உடம்பு. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தடுத்தது. கொடைப் பந்தலில் ஏணி ஏறும் பெண்ணுக்குக் கீழே ஒரு மெத்தை போட வேண்டும் என்று யாரும் இதுவரை கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. சீசனில் ஓர் இரவு ஆட்டம் முடித்து, வேனில் ஏறி, மறுநாள் அடுத்த ஊர். கழுத்து எலும்பு தேய்ந்தால் அதோடு தொழில் போச்சு. பெரிய மேடை வரும்போது ஒளியமைப்புக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கத் தயங்காதவர்கள், ஆடுபவரின் காப்பீட்டுக்கும் ஒத்திகை நாட்களின் கூலிக்கும் தயங்குவார்கள் என்பதே என் பயம். ஒத்திகைக்குக் கூலி இல்லாவிட்டால் இந்தக் கூத்தைத் தொடங்கவே கூடாது.

திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் இருக்கிறது. தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. ஆவணி கழிந்து கொடைகள் ஓய்ந்த மாதங்களில் ஒரு கரகாட்ட செட்டையும், ஒரு மகுடக் குழுவையும், தேவராட்டம் ஆடத் தெரிந்த நாலு பேரையும் கூலி கொடுத்து உட்காரவையுங்கள். வெல்ஷ் எழுதிய அந்த இரண்டு பக்கங்களை அண்ணாவிக்குப் படித்துக் காட்டுங்கள். பாளையங்கோட்டைக் கோட்டைச்சுவரின் மிச்சம் இன்றும் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு பிப்ரவரி 2ஆம் தேதி இரவில் முதல் ஆட்டத்தை வையுங்கள்.